‘அவன்தான் செய்தானா?’ – இது யாருடைய கேள்வி?

கொலையை மையமாகக் கொண்ட ஒரு நாவலைப் பற்றிப் பலர் கூடிப் பேசும்போது, அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கொன்றவன் யார், ஏன் கொன்றான், கொல்லப்பட்டவன் அதற்கு உரியவன்தானா என்ற மூன்று கேள்விகளையே அது சுற்றிச் சுற்றி வரும். வழக்கமான துப்பறியும் கதைகளைப் பொறுத்தவரை இவை நியாயமான கேள்விகளே. அவற்றைக் கேட்கச் செய்வதற்காகவே அக்கதைகள் எழுதப்படுகின்றன. ஆனால் அக்கேள்விகளை முதல் பக்கத்திலேயே ஓரங்கட்டிவிட்டு, வேறொன்றைக் கேட்கச் சொல்லும் நாவல் நம் கைக்கு வரும்போது என்ன செய்கிறோம்? பழைய கேள்விகளையே தேடிப்பிடித்து மீண்டும் கேட்கிறோம். இந்தப் பழக்கத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1981-இல் வெளியிட்ட சிறு நாவல், ‘முன்கூட்டி அறிவிக்கப்பட்ட ஒரு மரணத்தின் வரலாறு’ என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது. அண்மையில் எங்கள் வாசகர் வட்டத்தில் அதைப் பற்றி இரண்டரை மணி நேரம் விவாதம் நடந்தது. அதில் பெரும்பகுதியை ஒரே ஒரு கேள்வி விழுங்கிவிட்டது: சந்தியாகோ நாசார்தான் அந்தப் பெண்ணைக் கெடுத்தானா, இல்லையா? எஞ்சிய நேரத்தை விதியும் உத்தியும் பங்கிட்டுக்கொண்டன. பேசியவர்கள் எல்லோரும் நாவலை முழுமையாகப் படித்துவிட்டு வந்தவர்கள், தேர்ந்த வாசகர்கள். எனவே தனிமனிதர் எவர்மீதும் எங்களுக்குக் குறையில்லை. குறை, நம் எல்லோரிடமும் ஊறிப்போன ஒரு வாசிப்பு முறையின் மீதுதான்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கொலம்பியாவின் கரீபியப் பகுதியில் ஆற்றங்கரையோரச் சிற்றூர் ஒன்று. செல்வந்தனான பயார்தோ சான் ரோமான் என்பவன் எங்கிருந்தோ வந்து, கண்பார்வை போன ஏழைப் பொற்கொல்லரின் மகளான ஆங்கெலா விகாரியோவை மணக்கிறான். ஊரே திரண்டு குடித்துக் கொண்டாடிய திருமணம் அது. அன்றிரவே, அவள் கன்னியல்ல என்று சொல்லித் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறான். தாய் மகளை அடிக்கிறாள். இரட்டையரான அண்ணன்மார் பெத்ரோவும் பாப்லோவும், யார் அவன் என்று கேட்கிறார்கள். அவள் ஒரு பெயரைச் சொல்கிறாள்: சந்தியாகோ நாசார். அரபு வம்சாவளியைச் சேர்ந்த, வசதி படைத்த, இருபத்தொரு வயது இளைஞன். இரட்டையர் பன்றி வெட்டும் கத்திகளை எடுத்துச் சந்தைக்குப் போய்த் தீட்டுகிறார்கள். எதற்கு என்று கேட்டவர்களிடமெல்லாம் காரணத்தைச் சொல்கிறார்கள். பால் கடையில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். அங்கே வந்து போனவர்களுக்கும் சொல்கிறார்கள். விடிந்து ஆற்றில் ஆயரின் படகு வந்து போவதற்குள் ஏறத்தாழ ஊருக்கே செய்தி தெரிந்துவிடுகிறது. கடைசிவரை தெரியாமலிருந்தவன் சந்தியாகோ ஒருவன்தான். தன் வீட்டு வாசல் கதவின் எதிரிலேயே அவன் குத்திக் கொல்லப்படுகிறான். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, அவனுடைய நண்பனான கதைசொல்லி ஊருக்குத் திரும்பி வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறான். அந்த விசாரணையே நாவல்.

இதை மர்ம நாவல் என்று சொல்லலாமா என்றே சிலர் கேட்டார்கள். கொலைசெய்யப்படப் போகிறவன் யார் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது. கொன்றவர்களும் விரைவிலேயே தெரிந்துவிடுகிறார்கள். பிறகு மர்மம் எங்கே என்பது அவர்கள் வாதம். மர்மம் இருக்கிறது என்றே நாங்கள் சொல்கிறோம். நாவலில் இரண்டு புதிர்கள் உள்ளன. ஆங்கெலாவின் வாழ்வில் வந்தவன் யார் என்பது ஒன்று. எல்லோருக்கும் தெரிந்த ஒரு கொலை எப்படி நடந்து முடிந்தது என்பது மற்றொன்று. முதல் புதிருக்கு மார்க்வெஸ் விடை தரவில்லை. மறந்துபோய் அல்ல, தெரிந்தேதான் தரவில்லை. இரண்டாவது புதிருக்கோ, யார் எந்த நேரத்தில் எங்கே நின்றார், என்ன கேட்டார், என்ன செய்தார் என்று மணிக்கணக்கு, நிமிடக்கணக்கு வைத்து விடை தருகிறார். ஆசிரியர் விடை தராத கேள்வியில் பெரும்பகுதி நேரமும், அவர் நூல் முழுக்க விடை தந்த கேள்வியில் சில நிமிடங்களும் செலவிடுவது என்ன வகை வாசிப்பு?

இனி, ‘செய்தானா, இல்லையா’ தரப்பின் வாதங்களுக்கு வருவோம். அவன் செய்திருக்க முடியாது என்றவர்கள் பல சான்றுகளைத் திரட்டினார்கள். இருவரையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. அவன் உலகம் வேறு, அவள் உலகம் வேறு. கொல்ல வருகிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்தபோது அவன் முகத்தில் தெரிந்தது குழப்பமே தவிர குற்ற உணர்வு அல்ல. செய்திருக்கலாம் என்றவர்கள், ஆங்கெலா கடைசிவரை தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும், பெண்கள் விஷயத்தில் அவன் யோக்கியன் அல்லன் என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். இரு தரப்பிலும் கூர்மையான கவனிப்பு இருந்தது. ஆனால் இரு தரப்பும் பேசாமலேயே ஒப்புக்கொண்ட ஒரு விதியும் இருந்தது. அவன் செய்யவில்லை என்றால் நடந்தது அநியாயம். செய்திருந்தால்? அந்த இடத்தில் குரல்கள் தாழ்ந்தன. ‘அப்படியானால் அது வேறு விஷயம்’ என்றார் ஒருவர். யாரும் மறுக்கவில்லை.

அந்த விதியைத்தான் நாங்கள் மறுக்கிறோம். அது யாருடைய விதி என்று பாருங்கள். இரட்டையரின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் முன்வைத்தது அதைத்தான்: குடும்ப மானத்தைக் காக்கச் செய்த கொலை, தற்காப்புக் கொலையைப் போன்றது. நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பிணைத்தொகை கட்ட வழியின்றி விசாரணைக் கைதிகளாக மூன்று ஆண்டுகள் சிறையிலிருந்த இரட்டையர், தீர்ப்பில் விடுதலையானார்கள். பாப்லோவுக்கு நிச்சயிக்கப்பட்ட ப்ருதென்சியா கோத்தெஸ், அவன் ஆணுக்குரிய கடமையைச் செய்யாமல் இருந்திருந்தால் அவனை மணந்திருக்க மாட்டேன் என்று பின்னாளில் சொல்வதும் இதே விதியைத்தான். ஆக, சந்தியாகோ ‘செய்தானா’ என்று தீர விசாரித்துவிட்டுத்தான் அவனுக்காக இரங்குவோம் என்கிற வாசகர், தம்மை அறியாமலேயே அந்த நீதிமன்றத்தில் போய் அமர்ந்துவிடுகிறார். அவர் வழங்கும் தீர்ப்பு வேறாக இருக்கலாம். சட்டப்புத்தகம் ஒன்றுதான்.

‘ஓர் அப்பாவி அநியாயமாகக் கொல்லப்பட்டான்’ என்று மனமுருகிச் சொல்லும் வாசிப்பு இன்னும் ஆபத்தானது என்பது எங்கள் கருத்து. அதில் இரக்கம் இருக்கிறது என்பதால் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்பாவி என்பதால் கொன்றிருக்கக் கூடாது என்றால், அப்பாவி அல்லாதவனைக் கொல்லலாம் என்றாகிறது. இந்தப் பொறியில் நாம் விழக்கூடாது என்பதற்காகவே மார்க்வெஸ் சந்தியாகோவை அப்பாவியாகப் படைக்கவில்லை. அவன் வீட்டுச் சமையல்காரி விக்தோரியா குஸ்மான் இளவயதில் அவன் தந்தையின் இச்சைக்கு ஆளானவள். இப்போது அவள் மகள் திவினா ஃப்ளோர் வளர்ந்துவருகிறாள். மகன் அவளிடம் நடந்துகொள்ளும் விதத்தைத் தாய் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கொலை நடக்கப்போகும் செய்தி அன்று காலை அந்தச் சமையலறைக்கும் வந்தது. தாய் வாய் திறக்கவில்லை. அவன் சாக வேண்டும் என்றே அவள் உள்ளூர நினைத்தாள் என்று, அவள் இறந்த பிறகு மகள் ஒப்புக்கொள்கிறாள்.

மானம் மானம் என்று ஊர் துடித்த அந்தக் காலையில், சமையல்காரியின் மகளுக்காக ஒரு கத்தியும் தீட்டப்படவில்லை. அந்த வீட்டுக்குள் இரண்டு தலைமுறையாக நடந்துவந்தது ஊரின் கணக்கில் குற்றமே அல்ல. பொற்கொல்லரின் மகளுடைய கற்பு ஒரு குடும்பத்தின் உடைமை, எனவே அதற்கு விலை உண்டு. வேலைக்காரியின் மகளுக்கு அத்தகைய உடைமையாளர் எவரும் இல்லை. ஊர் காத்தது பெண்களை அல்ல, ஓர் உரிமைப் பட்டியலை. சந்தியாகோவின் குற்றத்தை உண்மையிலேயே விவாதிக்க விரும்பியவர்கள் திவினா ஃப்ளோரைப் பற்றியல்லவா பேசியிருக்க வேண்டும்? இரண்டரை மணி நேரத்தில் அவள் பெயரை ஒரே ஒருவர்தான், ஒரே ஒரு முறைதான் உச்சரித்தார். ஆங்கெலாவைத் தாய் அடித்ததைப் பற்றியும் அப்படித்தான். அந்த அடியில் பிறந்த பெயரைப் பற்றி அவ்வளவு பேசினோம், அடியைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்தது விதி. தமிழ் வாசகருக்கு இது பழகிய வீடு. ஊழ் என்ற சொல் நம் காப்பிய மரபிலேயே இருக்கிறது. ஆகவே, எத்தனை பேர் தடுக்க நினைத்தும் நடந்தே தீர்ந்த கொலை என்றவுடன், ‘இது கொலம்பியாவின் சிலப்பதிகாரம்’ என்று ஒரு நண்பர் சொன்னபோது அவை தலையசைத்தது. அந்த ஒப்பீட்டை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் அது நண்பர் நினைத்த இடத்துக்கு இட்டுச் செல்லாது. சிலப்பதிகாரத்தில் ஊழ் உண்டு, உண்மைதான். ஆனால் அதே காப்பியத்தில் கண்ணகி, ஊழ் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் அழுதுகொண்டிருக்கவில்லை. சிலம்பை எடுத்துக்கொண்டு அரசவைக்குப் போனாள். பாண்டியனும் ஊழின்மேல் பழிபோடவில்லை. ஆராயாமல் ஆணையிட்ட குற்றம் தன்னுடையதே என்று ஏற்று, அரியணையிலேயே உயிர்விட்டான். ஊழை நம்பிய காப்பியமே பொறுப்பை ஒருவர் தலையில் இறக்கிவைக்கிறது. பொறுப்பை எல்லோர் தலையிலிருந்தும் இறக்குவதற்கு ஊழைத் துணைக்கழைக்கும் நம் வாசிப்புக்கு இளங்கோவடிகளிடம் ஆதரவு கிடைக்காது.

தலைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மில் பலர் இந்நாவலை ஆங்கிலத்தின் வழியாக அறிந்தவர்கள். ஆங்கிலத் தலைப்பில் ‘ஃபோர்டோல்ட்’ என்ற சொல் நிற்கிறது. அதில் ஆரூடத்தின் வாசனை உண்டு, யாரோ ஒரு ஞானி வருவதை முன்னுரைத்ததுபோல. ஸ்பானிய மூலத்தில் உள்ள ‘அனுன்சியாதா’ என்பதற்கு நேரான பொருள் அறிவிக்கப்பட்டது என்பதே. ஆரூடம் சொல்லப்பட்டால் கேட்டவர் காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை. தண்டோரா போடப்பட்டால், கேட்டவருக்கு ஒரு கடமை பிறக்கிறது. இந்நாவலில் ஆரூடம் பலிக்கவேயில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிறர் கனவுகளுக்குப் பொருள் சொல்வதில் பேர்பெற்ற சந்தியாகோவின் தாய், மகன் கண்ட கனவில் எந்தத் தீக்குறியையும் காணவில்லை. ஆரூடம் தவறியது. அறிவிப்பு மட்டும் தவறவில்லை.

விதியின் விளையாட்டு என்று பட்டியலிடப்பட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஊரின் ஆட்சித் தலைவரான கர்னல் லாசரோ அபோந்தேக்குச் செய்தி விடியுமுன்பே வந்துவிட்டது. அவர் போய் இரட்டையரின் கத்திகளைப் பறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கும்படி சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர்கள் வேறு கத்திகளை எடுத்து வந்தார்கள். இரண்டாம் முறை எச்சரிக்கப்பட்டபோது, பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்களித்துவிட்டு, அன்றிரவு ஆட இருந்த டாமினோ ஆட்டத்தை உறுதி செய்துகொள்ள மனமகிழ் மன்றத்துக்குப் போனார். இது விதியா? பாதிரியார் கார்மென் அமதோருக்கும் செய்தி கிடைத்தது. முதலில், இது அரசாங்கத்தின் வேலை என்று நினைத்தார். பிறகு, போகிற வழியில் தாயிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பிறகு, ஆயர் வருகிற பரபரப்பில் மறந்துபோனார். அந்த ஆயரோ படகைவிட்டு இறங்கவேயில்லை. இது விதியா? யாரோ ஒருவர், கொலை நடக்கவிருக்கும் இடத்தையும் காரணத்தையும் விவரமாக எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். தட்டவில்லை. காகிதம் கொலைக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

உண்மையான தற்செயல் என்று ஒன்றுகூட இல்லையா என்று கேட்டால், உண்டு. மகன் உள்ளே வந்துவிட்டான் என்று நம்பி, தாய் ப்ளாசிதா லினேரோ வாசற்கதவைத் தாழிட்டாள். அவன் அப்போது கதவை நோக்கி வெளியிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தான். நெஞ்சைப் பிளக்கும் அந்தக் காட்சியை வைத்துக்கொண்டுதான் விதிவாதிகள் முழு நாவலையும் விதியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு தாழ்ப்பாளுக்கு முன்னால், தெரிந்தும் செய்யாமல் விடப்பட்ட காரியங்கள் எத்தனை என்பதை எண்ணிப் பாருங்கள். விதியைப் பற்றி நாவலில் பேச்சு நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை அதிகம் பேசுகிறவர்கள் யார்? சம்பவத்துக்குப் பிறகு தூக்கம் இழந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு விதி தேவைப்பட்டது. விதி இல்லையென்றால் ஒவ்வொருவரும், அந்தக் காலையில் தான் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தாக வேண்டும். சாட்சி சொல்ல வந்தவர்களின் சமாதானத்தை நாம் நாவலின் தத்துவமாக எடுத்துக்கொள்வது விந்தை.

உத்தி பேசியவர்களோடு எங்களுக்குப் பெரிய பிணக்கில்லை. காலம் முன்னும் பின்னும் நகர்வதையும், பத்திரிகைச் செய்தியின் தொனியையும், ஒரே நிகழ்ச்சி பல வாய்களில் பல வடிவம் கொள்வதையும் நன்றாகவே எடுத்துச் சொன்னார்கள். ஆனால் உத்தி எதற்காக என்று கேட்காமல் உத்தியை மட்டும் வியப்பது, சாணைக்கல்லைப் பார்த்துவிட்டுக் கத்தியைப் பாராமல் வருவதற்கு ஒப்பாகும். அன்று காலை மழை தூறியது என்று சிலர் சொல்கிறார்கள், ஒளிமிக்க இனிய காலை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வானிலையில்கூட ஒத்துப்போக முடியாத அந்த ஊர், ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறது: ‘தடுக்க வேண்டியது நான் அல்ல.’ இரட்டையர் குடிபோதையில் உளறுகிறார்கள் என்று நினைத்தேன் என்பார் ஒருவர். அவனுக்கு இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன் என்பார் இன்னொருவர். மான விஷயத்தில் மூன்றாம் மனிதருக்கு என்ன வேலை என்பார் மற்றொருவர். இந்த வாக்குமூலங்களை அடுக்கிக் காட்டுவதற்குத்தான் அந்தக் காலச் சிதறல் தேவைப்படுகிறது. நேர்கோட்டில் சொல்லியிருந்தால், கொலை நடந்தவுடன் கதை முடிந்திருக்கும். சமாதானங்கள் நம் காதில் விழுந்திருக்காது.

இது ஆசிரியர் மனத்தில் இல்லாததை நாங்கள் ஏற்றிச் சொல்வதல்ல. நாவலுக்குப் பின்னால் உண்மைச் சம்பவம் ஒன்று இருக்கிறது. 1951 சனவரியில் கொலம்பியாவின் சுக்ரே நகரில், மார்க்வெஸின் நண்பரான கயத்தானோ ஹெந்திலே என்ற மருத்துவ மாணவர் இதே போன்ற காரணத்துக்காகக் கொல்லப்பட்டார். அப்போது மார்க்வெஸ் இளம் பத்திரிகையாளர். உடனே எழுதிவிடத் துடித்தவரை அவருடைய தாய் தடுத்தார். கொல்லப்பட்டவரின் தாய் உயிரோடிருக்கும்வரை எழுத வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள். நாவல் வெளிவர முப்பது ஆண்டுகள் ஆயின. 2002-இல் வெளியான தன்வரலாற்றில் மார்க்வெஸ் இதை நினைவுகூர்ந்து, நாளாக ஆகத் தம்மை ஈர்த்தது குற்றம் அல்ல, கூட்டுப் பொறுப்பு என்ற கருப்பொருளே என்று பதிவுசெய்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் காத்திருந்தவர், கொல்லப்பட்டவனின் படுக்கையறை ரகசியத்தைத் துப்பறிவதற்காகக் காத்திருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் தூரத்தில் நின்றுகொண்டு ஓர் ஊரைக் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை. தம் தாய் லூயிசா சந்தியாகாவை அதே பெயரில் நாவலுக்குள் கொண்டுவருகிறார். தம் மனைவி மெர்செதெஸ் பார்ச்சாவும் உள்ளே வருகிறார். கதைசொல்லியோ, நண்பன் சாகப்போகும் வேளையில் விலைமகளின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தவன். தன்னை விலக்கிவைத்துவிட்டு ஊரைப் பற்றி எழுதுவது எளிது. மார்க்வெஸ் அந்த எளிய வழியை எடுக்கவில்லை. கேட்டவுடன் சந்தியாகோவின் வீட்டை நோக்கித் தெருவில் இறங்கி நடந்தவர்களில் அந்தத் தாயும் ஒருவர். போகும் வழியிலேயே, இனிப் போய்ப் பயனில்லை, முடிந்துவிட்டது என்ற சொல் அவரை எதிர்கொள்கிறது.

எங்கள் நிலைப்பாட்டுக்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. ஊர் முழுவதும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடாதா? கத்தியெடுத்தவனையும் கதவைத் தட்டாதவனையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? நிறுத்தக் கூடாது. நாவலும் நிறுத்தவில்லை. கொன்றவர்கள் இரட்டையர்கள்தான். அதில் மங்கல் ஏதுமில்லை. மற்றவர்களின் பொறுப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அதிகாரம் கையில் இருந்த ஆட்சித் தலைவரின் பொறுப்பு வேறு. இருவரையும் பிடித்துவைக்க அவருக்கு ஆள் இருந்தது, சிறை இருந்தது. சொன்னால் ஊர் கேட்டிருக்கக்கூடிய பாதிரியாரின் பொறுப்பு வேறு. வாய்திறக்காத சமையல்காரியின் மௌனம் முற்றிலும் வேறு. அதற்குப் பின்னால் அவள் பட்டது இருக்கிறது. அளவு பார்த்துப் பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதுதான் வாசகரின் வேலை. ‘எல்லோரும் குற்றவாளிகள்’ என்று பெருமூச்சு விடுவதும் தப்பித்தலின் இன்னொரு வழிதான்.

இந்த இடத்தில் க்ளோதில்தே அர்மெந்தாவை நினைக்க வேண்டும். பால் கடைக்காரி. அதிகாரம் இல்லை, செல்வாக்கு இல்லை. அவள்தான் பாதிரியாருக்குச் செய்தி அனுப்பினாள். கத்தியைப் பறித்தால் போதாது, அந்தப் பையன்கள் தோளில் ஊர் ஏற்றிவைத்திருக்கும் பயங்கரமான கடமையிலிருந்து அவர்களை விடுவிக்க வேண்டும் என்று ஆட்சித் தலைவரிடம் சொன்னதும் அவள்தான். கேட்டவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த இரட்டையர், யாராவது நம்மைத் தடுக்கமாட்டார்களா என்றுதான் காத்திருந்தார்கள் என்பதைக் கண்டுகொண்டவள் அவள் ஒருத்தியே. கத்திகள் பறிக்கப்பட்டவுடன், கடமை முடிந்தது என்று பெத்ரோ ஒதுங்கப் பார்த்ததையும், பாப்லோ அவனை மறுபடி இழுத்துவந்ததையும் நாவல் சொல்கிறது. கொலை அந்த அளவுக்குத் தடுக்கப்படக்கூடியதாக இருந்தது. அந்த நாவலில் துப்பறிவாளர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், அந்தப் பால் கடைக்காரியைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நாவலை எப்படி வாசித்தால் என்ன, இதற்கு இவ்வளவு சினம் எதற்கு என்று கேட்கலாம். 2003 சூலை 8 அன்று கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மணந்துகொண்ட குற்றத்துக்காகக் கண்ணகி, முருகேசன் என்ற இருவர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். அதுவும் ஊரறிய நடந்தது. விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2021 செப்டம்பரில் தண்டிக்கப்பட்ட 13 பேரில் இருவர் காவல்துறையினர். மேல்முறையீட்டில் சிலர் விடுபட, மற்றவர்களின் தண்டனையை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மார்க்வெஸின் ஊரும் நம் ஊரும் ஒன்றல்ல என்பது எங்களுக்குத் தெரியும். அங்கே செத்தவன் செல்வந்தன். இங்கே கொல்லப்படுகிறவர்கள் மிகப்பல நேரங்களில் தலித்துகள். கத்தியின் பின்னால் நிற்பது சாதி. அந்த வேறுபாட்டை அழித்துவிட்டு ஒப்பிடுவது நேர்மையாகாது. ஆனால் கொலைக்குப் பிறகு எழும் பேச்சு மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. பையன் எப்படிப்பட்டவன்? வேலை வெட்டி உண்டா? உண்மையான காதலா, பணத்துக்கான நாடகமா? பெண் அப்பாவியா? தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சியிலும் இக்கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கும் வரை, யாருக்கு முன்பே தெரியும், யாரிடம் புகார் கொடுக்கப்பட்டது, அதை வாங்கியவர் என்ன செய்தார் என்ற கேள்விகள் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருக்கும்.

நீதிமன்றம் இந்த விஷயத்தில் நம் வாசகர் வட்டங்களைவிட முன்னால் போயிருக்கிறது. சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய வன்முறை நடக்கப்போவதாக முன்தகவல் கிடைத்தால் காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரையறுத்தது. செய்யத் தவறுவது வேண்டுமென்றே இழைத்த கடமைத் தவறாகக் கருதப்படும் என்றும் சொன்னது. அறிவிக்கப்பட்ட மரணம் என்பது சட்டத்தின் மொழியில் முன்தகவல். கர்னல் அபோந்தேக்குக் கிடைத்ததும் அதுதான்.

ஆகவே நண்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் எளிமையானது. இந்நாவலை அடுத்த முறை எந்த அவையில் விவாதித்தாலும், ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் செய்தி எத்தனை மணிக்குத் தெரிந்தது, யார் சொல்லித் தெரிந்தது, தெரிந்தபின் அவர் என்ன செய்தார், என்ன செய்திருக்க முடியும் என்று மட்டும் நாவலிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள். கசாப்புக்காரர், காவலர், ஆட்சித் தலைவர், பாதிரியார், சமையல்காரி, பால் கடைக்காரி, நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் தந்தை என்று பட்டியல் நீளும். சந்தியாகோ வீட்டைவிட்டுக் கிளம்பியதற்கும் அவன் உயிர் போனதற்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைப் பேசி முடித்த பிறகும், ‘அவன்தான் செய்தானா?’ என்று யாருக்காவது கேட்கத் தோன்றினால் கேட்கட்டும். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் தேவை என்றும் நாங்கள் கருதவில்லை.